பீன் பூலுக்கு எத்தனை போடுவது?

ஓணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பாவூர்சத்திரத்துக் கமிஷன் கடை ஒன்றிலிருந்து போன். "தம்பி, தடியங்காயும் முருங்கைக்காயும் ஏத்தி தார்ப்பாய் கட்டியாச்சு. டிரைவர் வண்டியில ஏறி உக்காந்துட்டான். சீட்டு மட்டும் வரமாட்டேங்கு."

அந்தச் சீட்டை அடிப்பது எங்கள் மென்பொருள். எந்தக் கடையிலிருந்து எத்தனை மூட்டை, என்ன எடை, கேரளாவில் யாருக்கு இறக்க வேண்டும் என்று ஒரு தாள். அது கையில் இல்லாமல் லாரி கேரள எல்லையிலிருக்கும் புளியரைப் பக்கம் திரும்பாது. சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் ஒரே வரி, பக்கம் பக்கமாக: "ஃபெயில்டு டு அக்வயர் எ பெர்மிட் வித்இன் 5 மினிட்ஸ்", ஐந்து நிமிடத்துக்குள் பெர்மிட் கிடைக்கவில்லை என்று. பதற்றத்தில் அதை அப்படியே போனில் வாசித்துவிட்டேன். அண்ணாச்சி கேட்டார்: "பெர்மிட்டா? வண்டி இன்னும் சந்தையை விட்டே கிளம்பலையே, அதுக்குள்ள எவன் பெர்மிட் கேக்கான்?"

கேட்டது வைல்டுஃபிளை, எங்கள் ஜாவா நிரலை ஓட்டும் சர்வர் மென்பொருள். பீன் என்பது அதற்குள் ஒரு வேலையைச் செய்யும் ஜாவா ஆப்ஜெக்ட்; ஒரு கோரிக்கை முடிந்ததும் அதைப் பற்றி எதையும் நினைவில் வைக்காதது ஸ்டேட்லெஸ் பீன். ஸ்டேட்லெஸ் பீன் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு பூல் வைத்திருக்கும். பூலில் 20 என்று எண் போட்டிருந்தால் கையில் 20 டோக்கன். வேலைக்கு வருகிற ஒவ்வொரு திரெட்டும் (ஒரு கோரிக்கையைச் செய்து முடிக்கும் வேலையாள் மாதிரி) ஒரு டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போய், முடித்ததும் திருப்பித் தரவேண்டும். டோக்கன் தீர்ந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த டோக்கனுக்குத்தான் லாக்கில் பெர்மிட் என்று பெயர். எங்கள் கான்ஃபிக் கோப்பு ஜேபாஸ் 7 (வைல்டுஃபிளையின் பழைய பெயர் ஜேபாஸ்) காலத்திலிருந்து கைமாறி வந்த கோப்பு. அதில் பூல் அளவு 20, காத்திருக்கும் நேரம் 5 நிமிடம் என்று அப்போதைய இயல்பு எண்களே, அதாவது தயாரித்தவர்கள் போட்டுவைத்த எண்களே இருந்தன. அதை யாரும் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அன்றைக்கு நான் அந்த 20-ஐ 200 ஆக்கினேன். நிலைமை மோசமானது. ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இந்தக் கட்டுரையே அந்த இரண்டு நாளின் கணக்குதான். பூல் அளவை எப்படி வைப்பது என்பதற்கு நான்கு வழி இருக்கிறது. நான்கையும் நாங்கள் ஒரு சுற்று பார்த்துவிட்டோம்.

முதலில் 20 ஏன் தீர்ந்தது என்பது. சீட்டு போடும் பீன் தரவுத்தளத்தைத் தொடுவதற்கு முன்பே டிரைவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். அந்த வரிசையில் எழுதியது நான்தான். சாதாரண நாளில் ஒரு சீட்டுக்கு 0.4 விநாடி. நெரிசல் நேரத்தில் விநாடிக்கு 3 கோரிக்கை வந்தாலும் 3 × 0.4 = 1.2, ஒரே நேரத்தில் வேலையில் இருப்பது ஒன்றோ இரண்டோ பீன்தான். இது ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி: வரும் வேகத்தை, உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே எத்தனை பேர் என்று வந்துவிடும். ரேஷன் கடை வரிசைக்கும் இதே கணக்குதான். 20 என்பது எங்களுக்குத் தாராளம்.

அன்று எஸ்.எம்.எஸ். அனுப்பும் சேவை இணைப்பை ஏற்றுக்கொண்டு பதிலே தராமல் தொங்கியது. ஜாவாவின் பழைய ஹெச்.டி.டி.பி. இணைப்பு வகுப்பில், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்கிற ரீட் டைம்அவுட் நாமாகப் போடாவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். தங்கும் நேரம் 0.4 விநாடியிலிருந்து முடிவில்லாமல் போனால் பெருக்கல் எங்கே போய் நிற்கும்? 20 பீனும் தொங்கின. எங்களுடையது 4 கோர் சர்வர். வைல்டுஃபிளையின் கணக்குப்படி கோருக்கு 16 வீதம் 64 வேலைத் திரெட். அதில் 20 தொங்க, மீதி 44-ம் பெர்மிட்டுக்காக வரிசையில் நிற்க, எடை பார்க்கும் பக்கம், கணக்குப் பக்கம் என்று இந்தப் பீனோடு சம்பந்தமே இல்லாத பக்கங்களும் திரெட் கிடைக்காமல் செத்தன.

புளியரை எஸ் வளைவைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மலை ஏறுவதற்கு முன்னால் சமவெளியில் ஐம்பது லாரி ஓரம் கட்டி நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை. டீ குடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அதே லாரி வளைவுக்கு நடுவே ஒன்று நின்றுவிட்டால் போதும், மேலே போகிறதும் கீழே வருகிறதும் சேர்ந்து நின்றுவிடும். வரிசை உருவாவதைத் தடுக்க முடியாது. அது எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்கலாம். பூல் அளவு என்பது அந்தத் தீர்மானம். இது புரியாமல் எண்ணை மட்டும் மாற்றினால் நான் செய்த மாதிரித்தான் ஆகும்.

பெரிய எண் போடும் வழி

இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. இதை ஒரேயடியாக முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். வைல்டுஃபிளை போன்ற வேறு சர்வர்களைப் பாருங்கள்: வெப்லாஜிக்கில் ஸ்டேட்லெஸ் பீன் பூலின் இயல்பு உச்சவரம்பு 1000. பழைய வெப்ஸ்பியரில் குறைந்தது 50, அதிகம் 500. அந்த 500-கூட கறாரான எல்லை இல்லை. தேவைப்பட்டால் 501-வதையும் உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடும். கறாராக வேண்டுமென்றால் எண்ணுக்கு முன்னால் ஹெச் என்ற எழுத்தைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அதாவது அந்தத் தயாரிப்புகள் இந்த வாசலில் காவலே போடவில்லை. திரெட் எண்ணிக்கையும் தரவுத்தள இணைப்பும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டன. வெப்லாஜிக்கில் இணைப்பு பூலின் இயல்பு உச்சம் வெறும் 15, வெப்ஸ்பியரில் 10 என்பதைச் சேர்த்துப் பார்த்தால் எந்த வாசல் குறுகல் என்று தெரியும்.

எங்கள் தப்பு, அடுத்த வாசல் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் முதல் வாசலைத் திறந்துவிட்டது. சர்வரை நிறுத்தி, எஸ்.எம்.எஸ். வரியை எடுத்துவிட்டு, 200 போட்டுக் கிளப்பினோம். எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தின. 64 திரெட்டும் உள்ளே புகுந்தன. சீட்டுப் பீன் ஒரு டிரான்ஸாக்ஷனைத் (மொத்தமாக நிற்கும் அல்லது மொத்தமாக விழும் வேலைக்கட்டு) தொடங்கி ஓர் இணைப்பை எடுக்கும். பிறகு பதிவேட்டில் எழுத இன்னொரு பீனைக் கூப்பிடும். அந்தப் பீனுக்கு 'ரிக்வயர்ஸ் நியூ', தனி டிரான்ஸாக்ஷன் வேண்டும் என்று போட்டிருந்தோம், அதாவது முதல் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவது இணைப்பு வேண்டும். தரவுத்தள இணைப்புகளைக் கொடுக்கும் டேட்டாசோர்ஸில் மொத்தம் 20 இணைப்பு. 20 திரெட் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, எல்லாரும் இரண்டாவதுக்காகக் காத்திருந்தார்கள். தருவதற்கு யாரிடமும் இல்லை. 30 விநாடி கழித்து எல்லாமே பிழையோடு விழுந்தன. அடுத்த 20 வந்து அதே இடத்தில் மாட்டின.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஹிகாரி என்கிற ஜாவா இணைப்பு பூலை எழுதியவர்கள் தங்கள் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். திரெட் எண்ணிக்கையை, ஒரு திரெட் ஒரே நேரத்தில் பிடிக்கும் இணைப்புகளில் ஒன்று குறைத்துப் பெருக்கி, ஒன்று கூட்டு. பழைய அமைப்பில் பீன் 20, ஆளுக்கு இரண்டு இணைப்பு: 20 × 1 + 1 = 21. எங்களிடம் இருந்தது 20. ஒன்றே ஒன்று குறைவு! இத்தனை வருஷமும் 20 பேரும் ஒரே கணத்தில் வராததால் தப்பித்திருக்கிறோம். பீன் பூலை 200 ஆக்கியதும் அதைத் தடுத்து நின்றது 64 திரெட் மட்டும்தான். அதற்கு 65 இணைப்பு வேண்டும்.

(இடையில் ஒன்று. 'பீன் பூலைக் கூட்டியிருக்கோம்' என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, 'இந்த ஓணத்துக்கு பீன்ஸுக்கு அவ்வளவு கிராக்கியா?' என்று கடைக் கணக்கர் விசாரித்தார். இல்லை, சேனைக்கும் ஏத்தங்காய்க்கும்தான் என்று சொல்லி அனுப்பினோம்.)

சர்வரிடமே விட்டுவிடுவது

இப்போதைய வைல்டுஃபிளையின் இயல்புக் கோப்பில் ஸ்டேட்லெஸ் பூலுக்கு எண்ணே இருக்காது. 'டெரைவ்-சைஸ்' என்று போட்டு, வேலைத் திரெட் எண்ணிக்கையிலிருந்து கணக்குப் போட்டுக்கொள் என்று இருக்கும். மெசேஜ் பீன் (க்யூவில் வரும் செய்திகளை எடுத்து வேலை செய்யும் பீன்) பூலுக்கு சி.பி.யு. எண்ணிக்கையிலிருந்து. யோசித்துப் பார்த்தால் இது நல்ல புத்தி. ஒரு கோரிக்கை ஒரு திரெட்டில் ஓடுகிறது, ஒரு திரெட் ஒரு நேரத்தில் ஒரு வகைப் பீனில் பெரும்பாலும் ஒன்றைத்தான் பிடிக்கும். திரெட் அளவுக்கு பீன் இருந்தால் இந்த வாசலில் வரிசையே வராது. வரிசை வெளியே, திரெட் கிடைப்பதற்கு முன்பே நிற்கும். அதாவது புளியரைச் சமவெளியில்.

ஒரு எச்சரிக்கை. சி.பி.யு.வை எண்ணிக் கணக்குப் போடுகிற எதுவும், எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் சரி. டாக்கர் கன்டெய்னருக்கு, அதாவது மெஷினுக்குள் ஒதுக்கிய தனி அறைக்கு, 2 கோர்தான் கொடுத்திருப்பீர்கள். பழைய ஜாவா உள்ளிருந்து மொத்த மெஷினின் 32 கோரையும் பார்க்கும். ஜாவா 10-இலிருந்து இது சரியாகிவிட்டது, 8-க்கும் 191-வது திருத்தத்தில் வந்துவிட்டது. அதற்கு முந்தையதை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு பேரைத் தெரியும்.

இன்னொரு ஜாவா சர்வரான கிளாஸ்ஃபிஷ்ஷில் இப்படிக் கணக்குப் போடும் வசதி இல்லை. அங்கே தொடக்கத்தில் 0, எட்டு எட்டாகக் கூடும், உச்சம் 32, பத்து நிமிடம் சும்மா இருந்தால் குறையும். அதில் இணைப்பு பூலின் உச்சமும் 32 என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் மேலே சொன்ன இரண்டு இணைப்புக் கதை உங்கள் நிரலில் இருந்தால் 32-க்கும் 33 வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

பூலே வேண்டாம் என்பது

கூட வேலை பார்க்கும் செங்கோட்டைத் தம்பி கேட்டான்: "அண்ணே, ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கறதுக்கு என்ன செலவு? எதுக்கு இதைச் சேத்து வைக்கணும்?" நியாயமான கேள்வி. ஈ.ஜே.பி. என்கிற இந்தப் பீன் தரநிலையின் முதல் பதிப்பு 1998-இல் வந்தது. அப்போது ஆப்ஜெக்ட் உருவாக்குவதும், பயன்படாததை மெமரியிலிருந்து குப்பையாக அள்ளுவதும் ஜாவாவுக்குப் பாரம். இன்றைக்கு நான்கைந்து இன்ஜெக்ஷன் (சர்வரே உள்ளே கொண்டுவந்து வைக்கும் துணைப் பொருட்கள்) உள்ள ஒரு சாதாரண பீனை ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாக்கினால் ஒரு எஸ்.க்யூ.எல். கேள்வியின் நேரத்தோடு ஒப்பிட அது தூசு. வைல்டுஃபிளையில் ஸ்டேட்லெஸ் பகுதியிலிருந்து பூல் குறிப்பை எடுத்துவிட்டால் அப்படித்தான் ஓடும்.

எப்போது கூடாது? பீன் பிறக்கும்போதே பெரிய வேலை செய்தால். எங்களிடம் ஒன்று இருந்தது: போஸ்ட்-கன்ஸ்ட்ரக்ட்டில் சீட்டு வார்ப்புருவை டிஸ்கிலிருந்து படித்து கம்பைல் செய்யும். அதைப் பூல் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு சீட்டுக்கும் அந்த வேலை மறுபடி. ஆனால் அதற்கு மருந்து பூல் இல்லை. வார்ப்புருவை, மொத்தத்துக்கும் ஒன்றே ஒன்று இருக்கும் சிங்கிள்டன் பீனுக்கு மாற்றி, பலர் ஒரே நேரத்தில் படிக்க விடும் ரீட் லாக் என்ற பூட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது. லாக் போட மறந்தால் சிங்கிள்டன் இயல்பாகவே ரைட் லாக். ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடும். அது பூல் அளவு 1 மாதிரி.

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இன் விர்ச்சுவல் திரெட்டுகளும் (எடை குறைந்த திரெட்டுகள்) இதே பக்கம்தான் சாய்கின்றன: திரெட்டைப் பூல் செய்யாதே, கட்டுப்பாடு வேண்டுமென்றால் செமஃபோர் (டோக்கன் எண்ணிக் கொடுக்கும் வாசல்) வை என்பது அங்கே சொல்லப்படும் வழி. பூலையும் கட்டுப்பாட்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. பீன் பூல் இந்த இரண்டையும் ஒரே எண்ணில் கட்டிப்போட்டதால்தான் இவ்வளவு குழப்பமும்.

சிறிய, கறாரான எண்

கட்டுப்பாடு மட்டும் வேண்டிய இடங்கள் உண்டு. மாதாந்திரக் கணக்கை பி.டி.எஃப். ஆக்கும் பீன் எங்களுக்கு அப்படி. ஒன்று ஓடினாலே மெமரியில் கணிசமாகச் சாப்பிடும், பத்து ஓடினால் சர்வர் படுத்துவிடும். வைல்டுஃபிளையில் தனியாக ஒரு பூல் வரையறுத்து, பீனின் தலையில் 'பூல்' அனொட்டேஷன் (நிரலில் ஒட்டும் குறிப்பு) வைத்து அதன் பெயரைக் கொடுத்தால் அந்தப் பீனுக்கு மட்டும் அது. நாங்கள் 3 வைத்தோம்.

இங்கே எண்ணைவிட முக்கியம் காத்திருக்கும் நேரம். அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. 5 நிமிடம் என்பது யாருக்காக? முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடியில் பதில் வரவில்லை என்றால் இணைப்பை வெட்டிவிடும். அதாவது முதல் நிமிடத்திலேயே பயனாளியின் திரையில் பிழை வந்து, அவர் மறுபடி பொத்தானை அழுத்தி, இரண்டாவது கோரிக்கையும் வரிசையில் சேர்ந்திருக்கும். மீதி நான்கு நிமிடம் திரெட் யாருமில்லாத கடையில் காத்துக் கிடக்கிறது. ஏத்தங்காய் லோடு நிற்கும்போது அண்ணாச்சி ஐந்து விநாடிக்கு மேல் பொறுக்கமாட்டார். ஆகவே அந்த பி.டி.எஃப். அறிக்கைப் பூலுக்கு 10 விநாடி, மற்றதுக்கு 5. கிடைக்காவிட்டால் 'சர்வர் வேலையில் இருக்கிறது, ஒரு நிமிடம் கழித்து முயலுங்கள்' என்று உடனே சொல்லிவிடுவது மரியாதை.

மெசேஜ் பீன் கதை வேறு. அங்கே பூல் அளவு என்பது ஒரே நேரத்தில் எத்தனை செய்தி எடுக்கப்படும் என்பது. எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலையை நாங்கள் அன்றிரவே ஒரு க்யூவுக்கு மாற்றினோம். அந்தச் சேவை எங்களுக்கு அனுமதிக்கும் ஒரே நேர இணைப்புகளுக்கு ஏற்ப 4 போதும், கூடவே 5 விநாடி ரீட் டைம்அவுட். அது தொங்கினால் எஸ்.எம்.எஸ். தாமதமாகும், சீட்டு தாமதமாகாது. ஒரு பொறி இருக்கிறது: பூலை 40 ஆக உயர்த்திவிட்டு வேகம் கூடவில்லையே என்று குழம்புபவர்கள், மேக்ஸ்-செஷன் என்கிற ஆக்டிவேஷன் அமைப்பைப் பார்க்கவேண்டும். வைல்டுஃபிளையின் செய்திச் சேவையான ஆர்ட்டெமிஸில் அதன் இயல்பு எண் 15. சிறியது எதுவோ அதுதான் எல்லை. வந்த வரிசை மாறாமல் செய்தி போகவேண்டும் என்றால் இரண்டையும் 1 ஆக்குவதைத் தவிர எளிய வழி இல்லை.

நாங்கள் வைத்தது

இணைப்பு பூலிலிருந்து பின்னோக்கி வந்தோம். எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் வட்டாரத்தில் சொல்லப்படும் தொடக்கக் கணக்கு: கோர் எண்ணிக்கை இரண்டு மடங்கு, கூட டிஸ்க் சுழலிகளின் எண்ணிக்கை. தரவுத்தள மெஷினும் 4 கோர்தான்; 4 × 2 + 1 = 9. நான் 12 வைத்தேன். 20-லிருந்து குறைக்கிறோம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. 4 கோர் ஒரே நேரத்தில் 20 கேள்விகளை மென்றால் எல்லாமே மெதுவாகும் என்பதைச் சோதனை ஓட்டத்தில் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். போஸ்ட்கிரஸின் இயல்பு எல்லை 100 இணைப்பு, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கீடு. எங்கள் 12 அதன் பக்கத்தில்கூட வராது.

12-க்கு இறங்கலாம் என்றால் அந்த 'ரிக்வயர்ஸ் நியூ' போகவேண்டும். பதிவேட்டு வரியையும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் கொண்டுவந்தோம். சீட்டு விழுந்தால் பதிவும் விழும். கடைக்காரர்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு திரெட்டுக்கு ஓர் இணைப்பு என்று ஆகிவிட்டால் சூத்திரம் 1 என்கிறது. மாட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. இணைப்புக்கான காத்திருப்பை 30 விநாடியிலிருந்து 5 ஆக்கினோம். ஸ்டேட்லெஸ் பூலை டெரைவ்-சைஸுக்கு விட்டோம். பூலே இல்லாமலும் விட்டிருக்கலாம், எங்கள் சுமையில் வித்தியாசம் தெரியவில்லை. இயல்பை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று அடுத்த ஆளுக்கு விளக்கவேண்டும், அந்தச் சோம்பல்தான் காரணம்.

எண்ணைப் போட்டுவிட்டு மறந்தால் பழைய 20 கதைதான் திரும்பும். டேட்டாசோர்ஸில் புள்ளிவிவரத்தை இயக்கிவிட்டு மேக்ஸ்-யூஸ்டு-கவுண்ட் (ஒரே நேரத்தில் பயன்பட்ட இணைப்புகளின் உச்சம்), வெயிட்-கவுண்ட் (இணைப்புக்காகக் காத்திருந்தவை) இரண்டையும் பார்க்கலாம். பீன் பக்கம் பூல்-கரண்ட்-சைஸ் (இப்போதைய அளவு), பூல்-அவைலபிள்-கவுண்ட் (மிச்சம்). தம்பி இந்த நான்கையும் நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு கோப்பில் எழுதும் ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறான்.

அடுத்த ஓணத்தில், கேரளாவில் உத்திராடப் பாச்சில் (திருவோணத்துக்கு முந்தைய நாளின் கடைசி நேரச் சாமான் ஓட்டம்) என்பார்களே, அதற்கு இரண்டு நாள் முந்தைய சாயங்காலம், அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறரை மணிக்கு மேக்ஸ்-யூஸ்டு-கவுண்ட் 9. வெயிட்-கவுண்ட் பூஜ்யம். ஏழு மணிக்கு அண்ணாச்சி போன். எடுக்கக் கை கொஞ்சம் நடுங்கியது.

"தம்பி, சீட்டு வந்துட்டு. பிரின்டர்ல பேப்பர் தீந்துட்டு, உங்க பையன்கிட்ட ரெண்டு ரோல் இருக்குமா?"